ருசி பார்த்துச் சொன்னவர்

குடும்பத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அதை உரித்தெடுக்க யாராலும் முடியாது. இந்தக் குடும்பத்து மருமகள் ஒருத்திக்கு ஒட்டியது ‘தட்டுச் சித்தி’. வருடக் கடைசி விடுமுறையில் கணவர் வீட்டார் எல்லாரும் மூத்தவர் வீட்டில் கூடுவார்கள். வீட்டுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். ஒருவர் கேக் கொண்டுவருவார், ஒருவர் ரொட்டி, கடைசித் தம்பி வெறுங்கையோடு ஒரு நல்ல சாக்கு. சித்தி வீட்டிலிருந்து பெரிய வட்டத் தட்டு ஒன்று வரும். ஓரமெல்லாம் பச்சைக் காய்கறிகள், நடுவில் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் டிப். காய்கறி என்றாலே முகத்தைச் சுளிக்கிற கூட்டம்தான் அது. ஆனாலும் தட்டை மேசையில் வைத்ததுதான் தெரியும், அடுத்து கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டிருப்பார்கள்.

காயை யார் வேண்டுமானாலும் நறுக்கிவிடலாம். அந்த டிப்பில்தான் சித்தியின் கை இருந்தது. ஓரகத்தி எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் செய்து பார்த்தாள். வரவில்லை. “அவ கைராசி அது” என்று விட்டுவிட்டாள்.

இந்த வருட மழைக்காலத்தில் சித்தியின் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘லிஃப்ட்காரர்’. பாதி நகரத்தை மேலும் கீழும் ஏற்றி இறக்கியவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போனபின் வீட்டில் சித்தி தனியாக இருந்தாள்.

விடுமுறைக்கு முன்னால் நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, இந்த வருஷம் நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம். சும்மா வந்தாப் போதும்.”

எவ்வளவு இதமான பேச்சு. நாத்தனாரும் நல்ல மனதோடுதான் சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சித்தியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இந்த வருடம் ‘சும்மா வந்தாப் போதும்’. அடுத்த வருடம் ‘முடிஞ்சா வாங்க’. அதற்கடுத்த வருடம் போனே வராது. அவர் இருந்தவரைக்கும் அவள் அந்த வீட்டு மருமகள். இனி யார்? பிள்ளையா குட்டியா, எதைப் பிடித்துக்கொண்டு அந்த மேசையில் உட்காருவது? அவள் கையில் இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான்.

“எப்பவும் போல நான் செஞ்சு எடுத்துட்டு வர்றேன். நீ வந்து கூட்டிட்டு மட்டும் போ” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிச் செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏனென்றால் சித்திக்கு ருசியே தெரியாது.

இது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரே நேரத்தில் படுக்கையில் தள்ளியது. காய்ச்சல் போனது. போகும்போது இருவரின் வாசனையையும் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. காபி வெந்நீராக இருந்தது, சோறு பஞ்சாக இருந்தது. வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுத்தார்கள். விடுமுறை நெருங்கியது, வரவில்லை. ஒருநாள் சித்தி தயிரை வைத்துக்கொண்டு உப்பு போட்டுப் பார்த்தாள், எலுமிச்சை பிழிந்து பார்த்தாள், நாக்கில் ஒன்றும் ஏறவில்லை. உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தட்டைத் தூக்கிப் பரணில் போட்டாள். மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “அடியே, எனக்கு வந்துடுச்சு” என்றார். தட்டு பரணிலிருந்து இறங்கியது.

அன்றிலிருந்து அவர்தான் அவளுக்கு நாக்கு. அவள் கலக்குவாள், அவர் ருசி பார்த்துச் சொல்வார். அதிலும் மனுஷனுக்கு ஏக அலட்டல். ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு உடனே சொல்லிவிட மாட்டார். “நாலு எட்டு நடந்தாத்தான் நாக்குல நிக்கிறது எதுன்னு தெரியும்” என்று சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவார். சித்தி இங்கே ஈரக் கையோடு நின்றுகொண்டிருப்பாள். சாவகாசமாகத் திரும்பி வந்து, உப்பு இவ்வளவு, எலுமிச்சை இவ்வளவு, பூண்டு இவ்வளவு என்று தீர்ப்புச் சொல்வார். சொன்னபடி போட்டால் அந்த வருடம் கிண்ணம் காலி.

இப்போது அவர் இல்லை.

கூடுகிற நாள் வந்தது. காலையிலேயே காய்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த வேலைக்கு நாக்கு வேண்டாம், கண்ணும் கையும் போதும். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டாள், கடித்தால் நொறுங்க வேண்டும். வெள்ளரிக்காயின் விதையை ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட்டுத் துணியில் ஒற்றினாள், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுத் தட்டையே சொதசொதவென்று ஆக்கிவிடும். பீன்ஸையும் புரோக்கோலியையும் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு, உடனே ஐஸில் ஒரு முக்கு. பச்சை அப்படியே நின்றது. சிவப்பு, மஞ்சள் குடைமிளகாயைக் கீற்றுக் கீற்றாக அரிந்தாள். முள்ளங்கியை மேலே கீறித் தண்ணீரில் போட்டால் பூவாக விரியும். குட்டித் தக்காளிகளை இடுக்குகளில் நிரப்பினாள். அக்கம்பக்கம் ஒரே நிறம் சேராமல் சுற்றிலும் அடுக்கி முடித்தபோது அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

டிப்புக்கு வந்தபோது அந்தத் தைரியம் போன இடம் தெரியவில்லை. முந்தின நாள் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் கெட்டியாக இருந்தது. பூண்டை நசுக்கிப் போட்டாள், உப்பும் மிளகும் போட்டாள், கீரைத்தழையை அரிந்து போட்டாள், எலுமிச்சை பிழிந்தாள். அளவு பார்த்துப் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். தயிர் அளவுக்குக் கட்டுப்படாது. ஒருநாள் புளிக்கும், ஒருநாள் இனிக்கும். அதன் புளிப்பைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் போட முடியும். வாயில் வைத்தாள். குளிர்ந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

எதிர்வீட்டுக் கதவு பூட்டியிருந்தது, ஊருக்குப் போய்விட்டார்கள். மேல்வீட்டிலும் ஆளில்லை. விடுமுறை நாளில் அந்தக் கட்டடத்தில் திறந்திருந்தது கீழ்த்தளத்து சலூன் ஒன்றுதான். அதன் முதலாளியான முடிதிருத்துநர் கணவருக்கு நெடுநாள் சிநேகிதர். தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் செய்தி அந்தக் கடைக்கு வந்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போகும் என்று பெயர். அவரிடமா போய் நிற்பது என்று சித்தி தயங்கினாள். வேறு வழியில்லை. சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ருசி தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூடாது, புதுசாக ஏதோ சேர்த்திருப்பதாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள்.

கடையில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“தம்பி, டிப்ல இந்தத் தடவை வேற கீரை போட்டிருக்கேன். ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க.”

“ஒரு நிமிஷம் அண்ணி.”

முடிதிருத்துநர் கத்தியைக் கீழே வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வாயைக் கொப்பளித்துத் துப்பினார். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நுரைக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

“உப்பு இன்னும் ரெண்டு சிட்டிகை. எலுமிச்சை இதோட நிறுத்திக்கலாம். பூண்டு கொஞ்சம் தூக்கலா இருக்கு, இன்னொரு கரண்டி தயிர் சேத்தா அடங்கிடும்.”

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். அதே வரிசை. முதலில் உப்பு, பிறகு எலுமிச்சை, கடைசியில் பூண்டு. அந்த ‘அடங்கிடும்’ கூட அப்படியே.

“அவர் சொல்ற மாதிரியே சொல்றீங்களே தம்பி.”

அந்த இடத்தில் அவர் சும்மா சிரித்து வைத்திருந்தால் போதும். ஊர்க்கதை பேசத் தெரிந்த அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியிலும் அவள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“அவர் சொன்னது இல்ல அண்ணி அது. நான் சொன்னது.”

“என்ன சொல்றீங்க?”

“அண்ணனுக்கு ருசி வரவே இல்ல. கடைசி வரைக்கும் வரல. வருஷா வருஷம் கிண்ணத்தை எடுத்துட்டு இங்கதான் வருவாரு. நான் பாத்துச் சொல்லுவேன். மறந்துடக் கூடாதுன்னு படியேறுற வரைக்கும் முணுமுணுத்துக்கிட்டே போவாரு.” ஸ்பூனைக் கையிலேயே வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். “சத்தியம் வாங்கிட்டாரு. இல்லைன்னா நான் வாயை மூடிக்கிட்டு இருக்கிற ஆளா?”

சித்தி காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நானும் கேட்டேன். ‘அவ தட்டையே பரண்ல தூக்கிப் போட்டுட்டாடா. எனக்கு வந்துடுச்சுன்னு ஒரு பொய்யைச் சொன்னேன், உடனே எழுந்து காய் நறுக்க ஆரம்பிச்சுட்டா. இனிமே அதை எப்படித் திருப்பிச் சொல்றது’ன்னாரு.”

நுரைக்காரர் இப்போது இரண்டு கண்ணையும் திறந்திருந்தார். நுரை கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

படியேறும்போது சித்திக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. நினைவு வராமல் இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஒருநாள் பால் அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது. அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். “எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சு, உங்களுக்குமா?” என்று கத்தினாள். தூங்கிட்டேன் போல என்றார். இன்னொரு நாள் “இன்னைக்கு மிளகு நல்லாத் தூக்கலா இருக்கு” என்று பாராட்டினார். அன்று மிளகே போடவில்லை. கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளால் பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் புலம்பினாள். மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பாள். இதற்குப் பசியே இல்லாமல் போயிருக்கலாம் என்பாள். அதோடு விட்டாளா? எதிரே அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்து எரிச்சலோடு, “உங்களுக்கென்ன, நல்லா ருசிச்சுச் சாப்பிடறீங்க. எனக்குத்தானே இந்தக் கொடுமை” என்பாள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, வருடக்கணக்கில் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார். அதே மண்ணைத்தான் அவரும் தின்றுகொண்டிருந்தார். அதோடு அவளுடைய பொறாமையையும் சேர்த்துத் தின்றார்.

சமையலறையில் நின்று, “பாவி மனுஷா” என்று அழுதாள். அவர் இறந்த அன்றுகூட இப்படி அழவில்லை. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, உப்பு இரண்டு சிட்டிகை போட்டாள், எலுமிச்சையைத் தொடவில்லை, தயிர் ஒரு கரண்டி சேர்த்தாள்.

சாயங்காலம் நாத்தனார் காரில் வந்து கூட்டிப்போனாள். வழியெல்லாம் தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள் சித்தி. “ஏன் அண்ணி பேசவே மாட்டேங்கறீங்க?” என்று கேட்டதற்கு, முள்ளங்கி சரிஞ்சுடும் என்றாள்.

மூத்தவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் “தட்டுச் சித்தி வந்தாச்சு” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். துக்க வீட்டிலிருந்து வருகிறவளிடம் இப்படிக் கத்தலாமா என்று குரல் உடனே அடங்கவும் செய்தது. தட்டு மேசையின் நடுவில் இறங்கியது. கடைசித் தம்பி வழக்கம்போல முதல் ஆளாகக் கேரட்டை எடுத்துத் தொட்டுக் கடித்தான். சித்தி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அதே ருசி. அணுவளவும் மாறல” என்றான்.

மற்ற கைகள் நீண்டன. மூத்தவர் ஒரு வெள்ளரித் துண்டை மென்றுகொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். ஓரகத்தி பக்கத்தில் வந்து சித்தியின் தோளைத் தொட்டாள்.

“அடுத்த வருஷமும் நீதான் செய்யணும். இந்த மேசையில இந்த இடம் உன்னோடது. வேற யாருக்கும் விட மாட்டோம்.”

இதைக் கேட்கத்தான் அவள் காலையிலிருந்து பாடுபட்டாள். கேட்டாயிற்று. சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எந்தச் சேதமும் வந்திருக்காது. ஆனால் சும்மா இருந்தால் அந்தப் புகழ் முழுக்க அவள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். அவர் படியிறங்கிப் போனதும், முணுமுணுத்துக்கொண்டே ஏறியதும் இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். இடம் போனால் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“அக்கா, எனக்கு ருசி தெரியாது. அந்தக் காய்ச்சலோட போனது, திரும்ப வரவே இல்ல.”

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவர் ருசி பார்த்துச் சொன்னதை, அவருக்கும் தெரியாது என்பதை, சலூனை, பரணில் போட்ட தட்டை. இன்று காலையில்தான் தனக்கே தெரிந்தது என்பதையும் சொன்னாள்.

முதலில் வாய் திறந்தவள் நாத்தனார். “போன வருஷம் அண்ணன் என் கேக்கை ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கினாரே. ஏலக்காய் வாசனை தூக்குதுன்னு சொன்னாரே.” சொல்லிக்கொண்டே அழுதாள்.

“என் ரொட்டியை மாதிரி உலகத்துலயே இல்லைன்னாரு” என்றாள் ஓரகத்தி. “அதையும் நான் நம்பினேன் பாரு.” கொஞ்சம் சிரித்தாள், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் அவரிடமிருந்து ஒரு பாராட்டு இருந்தது. ஒவ்வொருவரும் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஓரகத்தி ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். “உக்காரு மொதல்ல. அடுத்த வருஷம் உன் வீட்டுல தனியா செய்ய வேணாம். இங்க வந்து செய். ருசி பாத்துச் சொல்ல இத்தனை வாய் இருக்கு.”

சித்தி உட்கார்ந்தாள். மூத்தவர் தட்டிலிருந்து ஒரு குடைமிளகாய்க் கீற்றை எடுத்து, டிப்பில் தொட்டு, அவள் கையில் கொடுத்தார். அவள் கடித்தாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்பவும் ஒண்ணும் தெரியலையாம்மா?”

“இல்ல மாமா. கடிக்கிற சத்தம்தான் கேக்குது.”

“அவன் பொய் சொன்னான்னு கோபமா உனக்கு? உனக்காகத்தானேம்மா சொன்னான்.”

சித்தி வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

“பொய் சொன்னதுக்கு இல்ல மாமா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருமாச் சேர்ந்து ருசியில்லாமச் சாப்பிட்டிருப்போம்ல. தினமும் எதிர்லயே உக்காந்துக்கிட்டு நான் அவரைத் தனியா சாப்பிட விட்டுட்டேன்.”